வால் விளக்கின் மஞ்சள்

என் கணவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானங்களின் வெளிவிளக்குகளைப் பழுதுபார்த்தவர். நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த காலத்தில், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவர் சொல்லும் முதற்செய்தி, அன்று எந்தச் சிறகில் எந்த விளக்கு எரிந்துபோனது என்பதாகவே இருக்கும். இடது சிறகின் நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை என்பதை நான் படித்து அறியவில்லை. அது சோற்றோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

அந்தக் காலத்து மின்குமிழ்களுக்குள் இழை இருந்தது. அதிர்வில் அது அடிக்கடி அறுந்தது. விமானத்தின் முதுகில் சுழலும் சிவப்பு விளக்கில் உண்மையில் சுழன்றது ஒரு கண்ணாடிதான். அதன் சிறிய மோட்டர் இறுகிவிட்டால் விளக்கு ஒரே திசையை முறைத்துக்கொண்டு நிற்குமாம். பின்னர் சிறகு நுனிகளில் பளிச்சிடும் வெள்ளை விளக்குகள் வந்தன. அவற்றைத் தொடுவதற்கு முன், உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கடைசியாக எல்.ஈ.டி. வந்தது. அது வருடக்கணக்காக எரிந்துபோகவில்லை. அவர் இதைத் தமக்குச் செய்யப்பட்ட மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார். ஓய்வு பெறும் வயதும் அப்போதே வந்துவிட்டது.

இப்போது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த நான்காம் மாடியில் இருக்கிறோம். மாலையில் பால்கனியில் தேநீர் குடித்தபடி, கடலோரமாக வடக்கே போகும் விமானங்களை அவர் பார்ப்பார். இடது கண்ணைச் சுருக்கி வலது கண்ணால் பார்ப்பது தொழிலில் வந்த பழக்கம். பிறகு ரயில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரையில் நடப்பார்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, தூரத்தில் போன ஒரு விமானத்தின் வாலைப் பார்த்துவிட்டு, பழைய இழை விளக்கையே மறுபடி பூட்டியிருக்கிறார்கள் என்றார். எல்.ஈ.டி.யின் வெள்ளையில் நீலம் கலந்திருக்கும், இதுவோ மஞ்சள், இது தமக்குத் தெரியாதா என்றும் கேட்டார். ஒரு கிழமைக்குள், அவர் கணக்கில், எல்லாக் கம்பனிகளும் பின்னோக்கிப் போய்விட்டன. தம் பழைய வேலைத்தலத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் எழுதி, பிழை பார்த்து அனுப்பும்படி என்னிடம் தந்தார். பிழை இருக்கவில்லை. வரிகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

எனக்கு அந்த விளக்குகள் வெள்ளையாகவே தெரிந்தன. டொக்டரிடம் கண்ணைக் காட்டுவோம் என்றேன். கண்ணில் பிழையென்றால் விமானமே தெரியாதே என்றார். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து, தண்டவாளத்தைக் கடக்கும்போது, வலப்பக்கமாகக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து வந்த ரயில் அவருக்காக நீளமாக ஊதியது. ரயிலின் முன்விளக்கு மிகவும் மங்கல் என்று குறைசொல்லிக்கொண்டே வீடு திரும்பினார். என் பொறுமைக்கு இனி நேரம் போதாது என்று பட்டது.

அவர்களுடைய தொழிலில் ஒரு முறை உண்டு. இடது சிறகில் விளக்கு எரியாவிட்டால், அதன் மின்குமிழைக் கழற்றி வலது சிறகில் பூட்டிப் பார்ப்பார்கள். பழுதும் கூடவே போனால் பிழை மின்குமிழில். பழுது இருந்த இடத்திலேயே நின்றால் பிழை வயரில். கொட்டாஞ்சேனையில் நான் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மாலை ஒரு விமானம் எங்களைக் கடந்து போனது.

“வலது கண்ணைப் பொத்துங்கோ,” என்றேன். பொத்தினார். “வால் லைட் என்ன?”

“எல்.ஈ.டி.”

“இப்ப மற்றக் கண்ணை.”

நெடுநேரம் பார்த்தார். “பழைய பல்ப்.”

“ஒரு வாலிலை ரெண்டு லைட்டோ?”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். வைத்த இடத்தில் மேசை இல்லை. நான் துண்டுகளைப் பொறுக்கி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “வயரில இல்லை. பல்பிலதான்,” என்றார். “நாளைக்குக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

எங்கள் மகள் வயதுடைய மருத்துவர், வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அதனூடே வெள்ளை மஞ்சளாகத் தெரியும் என்று விளக்கினார். கண்ணுக்குள் புதிதாக வைக்கும் வில்லை எத்தனை வருடம் உழைக்கும் என்று இவர் விசாரித்தார். “அதை மாத்தவே தேவையில்லை, அங்கிள்,” என்றார் மருத்துவர். எல்.ஈ.டி. வந்த காலத்தில் வைத்திருந்த முகத்தை இவர் மறுபடியும் வைத்துக்கொண்டார்.

சத்திரசிகிச்சை முடிந்து, கண் ஆறிய பின் வந்த முதல் மாலையில் பால்கனிக்கு வந்தார். விமானம் ஒன்று போயிற்று. வழக்கம்போல் இடது கண்ணைச் சுருக்கினார்.

“அந்தக் கடிதத்தை அனுப்பினீரோ?”

“இல்லை.”

“நல்லது,” என்றார். “அவங்களே மாத்திப்போட்டாங்கள்.”

ஓம் என்றேன். அவர் தேநீரை முடித்து, கோப்பையை மேசையின் நடுவில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்தருகே நின்று வலப்பக்கம் திரும்பினார், அங்கேயே நின்றார். ரயில் ஊதாமல் போயிற்று.