எண்ணெய் பிரியாத போத்தல்

என் சமையலறை அலமாரியில் அண்ணி கலந்து கொடுத்த மிளகாய்ச் சாஸ் போத்தல் ஒன்று இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. திறக்கப் போவதும் இல்லை. அண்ணன் ஞாயிறுதோறும் மலையிலிருந்து, ஈப்போவில் இருக்கும் எனக்குப் போன் செய்வார். மழை, பிள்ளைகள், லாரிக்கு வந்த பழுது என்று சுற்றி வளைத்துக் கடைசியில் அந்த ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார். "எண்ணெய் மேல வந்துடுச்சா?" இல்லை என்று சொன்ன பிறகே போனை வைப்பார்.

அண்ணிக்குத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. மருந்து டாங்கியை முதுகில் சுமந்து களைக்கு அடிப்பார். நகக்கண் எல்லாம் வெந்துபோய், சோற்றைப் பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால்தான் சாப்பிடுவார். எப்படியாவது அந்த வேலையை விட வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை. பிரிஞ்சாங் டவுனில் ஸ்டீம்போட் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவர், அதற்கு ஒரு வழி காட்டினார். மருந்து கலக்காத சாஸ் வேண்டும், ஒரு மாதம் வைத்துப் பார்ப்பேன், எண்ணெய் மிதக்காமல், சிக்கு வாடை அடிக்காமல் இருந்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

முதல் போத்தல் தோற்றது. ஒரு விரற்கடை எண்ணெய் மேலே நின்றது. எண்ணெய் பிரியாமல் இருக்கக் கடையில் விற்கும் ஏதாவது பவுடரைப் போடச் சொன்னேன். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாள் பூரா மருந்து அடிச்சிட்டு வர்றேன். போத்தல்லயும் மருந்தா? போதும்லா!" தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர்.

டவுனில் பெண்களுக்கு நடந்த சமையல் வகுப்பில்தான் அண்ணிக்கு விடை கிடைத்தது. கடுகுப்பொடி எண்ணெயையும் வினிகரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தேயிலைக் கொழுந்தைக் காயவைத்துப் பொடித்துப் போட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. வீட்டு வேலியோரம் மருந்து படாமல் வளர்ந்த செடியில் கொழுந்து கிள்ளினார். ஒரே சட்டியில் கலந்து ஒரு போத்தலைத் தவுக்கேயிடமும் இன்னொன்றை என்னிடமும் கொடுத்தார். "நீயும் பாத்துக்கிட்டே இரு" என்றார்.

எங்கள் மலையில் பொடிக்கு எதிரி பனிமூட்டம். கதவு இடுக்கில் நுழைந்தால் போதும், அரைத்த பொடி கட்டி தட்டிப்போகும். கட்டி தட்டிய பொடி எதையும் பிடித்து வைக்காது. பிள்ளை பெற்ற வீட்டில் குளிருக்குக் கரி போட்டுக் கணப்புச் சட்டி வைப்பது தோட்டத்து லைன் வீடுகளில் வழக்கம். கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வைப்பார்கள். அடுத்த சாஸுக்கான பொடியை அரைத்த அன்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பொடி காய்வதற்காக அண்ணியும் கணப்பு வைத்தார். பனி வந்துவிடுமே என்று கதவைச் சாத்தி, அடியில் கோணியைத் திணித்தார். சன்னல் இடுக்கிலும் துணி அடைத்தார்.

கோலா தெர்லாவில் காய்கறி இறக்கிவிட்டு அண்ணன் மத்தியானம் வீடு திரும்பினார். கோணி தடுத்ததால் தோளால் இடித்துத்தான் கதவைத் திறக்க முடிந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சல்லடை. உயிர் இல்லை. கரியிலிருந்து வரும் விஷக்காற்று கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். பொடி மட்டும் நன்றாகக் காய்ந்து, தொட்டால் சரிந்து ஓடியதாம். அதை அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் தவுக்கே வந்தார். விஷயம் தெரியாமல், போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்தார். எண்ணெய் பிரியவே இல்லை, எப்போது அனுப்பலாம் என்று மலாயில் கேட்டார். அண்ணன் போத்தலை வாங்கிக் கொல்லைப்புறம் போய் உடைத்துவிட்டு வந்தார். அதனால் மிச்சம் என்னிடம் உள்ளது ஒன்றுதான்.

போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன். போத்தலின் கழுத்தோரம் நூல் கனத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு. விளக்கைப் போட்டு மறுபடியும் பார்த்தேன். எண்ணெய்தான்.

இன்று ஞாயிறு. அண்ணன் அழைத்தார். மழை, பிள்ளைகள், லாரி. பிறகு அந்தக் கேள்வி.

"இல்லண்ணே, அப்படியேதான் இருக்கு" என்றேன்.