ஏமாந்த வாத்தியாரின் நுகர்வோர் மன்றம்

வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் கோகுலகிருஷ்ணனை ஏமாற்றுவது சுலபம் என்பது பெரம்பலூர் கடைத்தெருவுக்கே தெரியும். விலையைக் குறைத்துக் கேட்டால் கடைக்காரர் மனம் நோகுமே என்று தயங்குகிறவர். ஊறுகாய் வாங்கப் போனவர் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினோடு வீடு திரும்பியதைச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி ஜெயசுதாவுக்கே அலுத்துவிட்டது.

பள்ளியில் நுகர்வோர் மன்றம் தொடங்கும்படி உத்தரவு வந்தது. பார்த்து வாங்கவும் பணத்தை யோசித்துச் செலவழிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். தலைமையாசிரியை தமிழ்மொழி அவரைக் கூப்பிட்டார்.

"மேடம், என்னை ஏமாத்தாத கடையே கிடையாதுங்க. வேற யாருக்காச்சும் குடுங்க."

"மத்தவங்கல்லாம் வேலை இருக்குன்னு பொய் சொன்னாங்க சார். நீங்கதான் உண்மையச் சொல்றீங்க. நீங்களே பாருங்க."

என்ன நடத்துவதென்று தெரியாமல், புதிதாக வாங்கி ஓரத்தில் ஆவி கசிந்த குக்கரை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துப்போனார். வாங்கிய கதையை ஒளிக்காமல் சொன்னார். கவியா என்ற மாணவி அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டினாள். அடியில் அதைவிடக் குறைந்த விலை அச்சடித்திருந்தது.

"பில் எங்க சார்?"

"பில் போட்டா வரி சேரும், உங்களுக்காக வேணாம்னுட்டாரும்மா. தங்கமான மனுசன்."

வகுப்பே சிரித்தது. கொஞ்சம் தாமதமாக அவரும் சிரித்தார். அதன்பின் பாடத்துக்குப் பஞ்சமில்லை. வாரம் ஒரு பொருள் பரணிலிருந்து இறங்கியது. ஜெயசுதாவுக்கு வீட்டில் இடம் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை மாணவிகள் சிலர் அவரைக் குக்கர் வாங்கிய பாத்திரக்கடைக்கே அழைத்துப்போனார்கள்.

"வாங்க சார், உக்காருங்க" என்றார் கடைக்காரர்.

"அண்ணே, அச்சடிச்சது ஒரு வெல, ஒட்டுனது ஒரு வெல. எது நெசம்?" என்றாள் கவியா.

"பில் இல்லாம பேசக்கூடாது பாப்பா."

"பில் குடுக்காதது நீங்கதானண்ணே? நுகர்வோர் கோர்ட்டுக்கு எழுதிப் போட்டா சாரு சாட்சி சொல்வாரு."

சாட்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றது. கடைக்காரர் வேறு குக்கர் எடுத்துக் கொடுத்து, கூடுதலாக வாங்கிய பணத்தையும் எண்ணி வைத்தார். பிள்ளைகள் ஜெயித்த குஷியில் வெளியே வர, கோகுலகிருஷ்ணன் பின்தங்கினார். ஏதோ தானே திருடிவிட்டதைப் போலிருந்தது அவருக்கு. "தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று கடைக்காரரிடம் சொல்லி, ஒரு செட் கரண்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்கு சார் இது?"

"சும்மா வந்துட்டுப் போனா நல்லாருக்காதும்மா. ஆனா பில் வாங்கிட்டேன்."

மன்றத்தின் பேர் பரவியது. உரம் வாங்கி ஏமாந்தவர்களும் செல்போன் வாங்கி ஏமாந்தவர்களும் அவரைத் தேடிப் பள்ளிக்கே வந்தார்கள். சென்ற மாதம் அரியலூரில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். 'தள்ளுபடி என்னும் தந்திரம்' என்ற தலைப்பில் பேசினார். கைதட்டல் அடங்க நேரமானது. மாலையில் பெருமையோடு வீடு வந்தவர் கையில் ஒரே புத்தகம் இரண்டு பிரதி இருந்தது.

"ரெண்டு எதுக்குங்க?" என்றாள் ஜெயசுதா.

"வாசல்ல வித்தாங்க. ரெண்டாவது பாதி விலைன்னாங்க."