பட்டுப்புடவைக்காகக் குறைத்த ஆயில்

பெட்ரோலைக் குடிக்கும் என்று பயந்து எங்கள் ஊரில் பலரும் வாங்கத் தயங்கிய டூ-ஸ்ட்ரோக் பைக்கை, தொண்ணூறுகளில் நான் ஆசையாக வாங்கினேன். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றவேண்டும். அதனால் ஒரே புகை.

மகாபலிபுரத்தில் ஒரு கல்யாணம். மனைவியின் பட்டுப்புடவையில் புகை நாறக்கூடாதென்று அன்று ஆயிலைப் பாதியாகக் குறைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

சதுரங்கப்பட்டினம் தாண்டி வேகமெடுத்ததும், ஆயில் போதாமல் இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் ரோட்டின் குறுக்கே நின்றது. பின்னால் பஸ் ஹாரன். திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியமில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் பஸ் நின்றது.

"யோவ், பொண்டாட்டிய பின்னால குந்த வெச்சிகினு சாவறதுக்குன்னே வண்டி ஓட்டுறியா?" என்று டிரைவர் கத்தினார்.

அவள் இறங்கி ரோட்டோரமாகப் போய் நின்றாள். புடவையில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

அந்த வண்டி இருந்தவரை, அவள் புடவையில் புகை நாறினால்தான் எனக்கு மூச்சே வரும்.