துரை குளித்த அறை

சின்னமனூருக்குக் கிழக்கே, மேகமலை ரோட்டை ஒட்டி, எங்கள் தென்னந்தோப்பில் இரண்டு கட்டடங்கள் உண்டு. ஒன்று கிணற்றடி மோட்டார் ரூம். மற்றது தாத்தாவின் அப்பா கட்டிய நீளமான கல் கட்டடம். மோட்டார் ரூமுக்கு வரலாறு கிடையாது என்று நானே முடிவு செய்துவிட்டு, கல் கட்டடத்தைப் பற்றி ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன்.

மதுரையில் வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? உள்சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள் இருந்தன. மலைக்குப் போகும் வெள்ளைக்கார துரை இங்கே தங்கிக் குதிரைகளைக் கட்டினார் என்று எழுதினேன். தரை சரிவாக ஓடி மூலையில் ஒரு பொந்தில் முடிந்தது. அது துரை குளித்த இடம். குதிரையும் துரையும் ஒரே அறையிலா என்று மாணவன் எவனாவது கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

போன வருடம் அண்ணனும் நானும் பாகம் பிரித்தோம். மூத்தவர் பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார் என்பது எங்கள் வழக்கம். அண்ணன் கயிறு பிடித்துத் தோப்பைச் சரிபாதியாக்கினார். ஒரு பாகத்தில் கிணறும் மோட்டாரும், மற்றதில் கல் கட்டடம்.

"கட்டடம்" என்றேன், அவர் கயிற்றைச் சுருட்டும் முன்பே.

"நல்லா யோசிச்சுக்கடா."

"யோசிச்சிட்டேண்ணே."

கூடியிருந்த பெரியவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரையில் என் தென்னைகள் மட்டையைத் தொங்கப் போட்டன. போர் போட்டேன், புழுதிதான் வந்தது. அண்ணனிடம் தண்ணீர் கேட்க வாய் வரவில்லை. அப்பா வைத்த மரங்கள் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருக்க, நான் உறவுக்காரர் ஒருவருக்குத் துரை குளித்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். மோர் கொண்டு வந்த மதினிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எந்தத் தொரை, கொழுந்தனாரே? இங்கன உங்க தாத்தா காலத்துல எருமைகதான் கட்டிக் கெடந்துச்சாம். அந்தப் பொந்து மூத்திரம் போறதுக்கு. நீங்க ஆசையா எழுதுறீகன்னு உங்க அண்ணன்தான் சொல்ல வேணாம்னுட்டாக."

உறவுக்காரர் மோரைக் குடித்துவிட்டு உடனே கிளம்பினார். நான் நேராக அண்ணனிடம் போய், எருமைக் கொட்டிலை ஏன் ஒரு பாகத்தில் வைத்தீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"எனக்குன்னுதான் வச்சேன்" என்றார். "மாடு கட்ட ஆகும்ல. கிராக்கி இல்லாத பாகம், நீ எடுக்க மாட்ட, கெணத்தத்தான் எடுப்பன்னு நெனச்சேன். பென்சன்காரன், போர் போட்டு அலையக் கூடாதுல்ல."

மறுநாள் கிணற்றிலிருந்து என் தோப்புக்குப் பைப் வந்துவிட்டது. நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இப்போது அண்ணனின் நான்கு மாடுகள் அந்த வளையங்களில்தான் நிற்கின்றன. துரை குளித்த அறையைத் தினமும் காலையில் நான்தான் கழுவி விடுகிறேன், அண்ணன் விடும் தண்ணீரில்.