புல் மெஷினும் ஒரு சின்னச் செருப்பும்

பிள்ளைகளா, நேற்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பேசியது எனக்குக் கேட்டது. நான் உள்ளே சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா ஏன்க்கா என்னைய புல்லு மெஷின்ல ஏத்தவே மாட்றாரு?" என்று தம்பி கேட்டான்.

"என்னாலதான்டா. சின்ன புள்ளையில என்னைய ஒரு தடவ ஏத்துனாரு. நான் செருப்ப கீழ போட்டுட்டேன். அப்பா கத்துனாரு. அதோட நிறுத்திட்டாரு."

பிறகு, "ஆனா அன்னிக்கி எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா? பூவெல்லாம் பறந்துச்சு லா" என்றாய், மகளே.

ஏழு வருசமாக நீ அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளித் திடல், கோயில் வளாகம், வாய்க்கால் கரை, எல்லாப் புல்லும் என் பொறுப்பு. உட்கார்ந்து ஓட்டுகிற அந்தச் சிவப்பு மெஷின் முதலாளியுடையது. இருந்தாலும் நான் அதை நம் வீட்டு மாடு மாதிரிதான் பார்ப்பேன். காலையில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் பனி கிடக்கும். வெயில் ஏறி, புல் காயும்வரை காத்திருப்பேன். ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கும். வாய்க்கால் சரிவில் வழுக்கினால் மெஷின் நம் மேலேயே கவிழும். பிறகு ஏறி உட்கார்ந்து கத்தியை இறக்குவேன். வெட்டிய புல்லின் பச்சை வாசனை எழும். அதற்குள் எங்கிருந்தோ கொக்குகள் வந்துவிடும்.

அவற்றுக்கு மெஷினைக் கண்டு பயமில்லை. புல்லுக்குள்ளிருந்து வெட்டுக்கிளி எழும்பும், அதைத் தின்ன வருகின்றன. முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு பத்துப் பன்னிரண்டு. நான் திரும்பினால் அவையும் திரும்பும். சத்தத்தில் காது அடைத்துப் போய், வேறு எதுவும் கேட்காமல், வெள்ளை வெள்ளையாக அவை பின்னால் நடந்து வருவதைப் பார்த்தால், ஏதோ சாமி ஊர்வலத்தில் முன்னால் போகிற மாதிரி இருக்கும். சில நாள் நான் தூங்குகிறேனா ஓட்டுகிறேனா என்றே தெரியாது. மெஷின்காரனுக்கு அந்த மயக்கம் ஆகாது என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த மெஷினின் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்சு உண்டு. கத்தி சுற்றும்போது நாம் சீட்டைவிட்டு எழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. எனக்கு அது தொந்தரவாக இருந்தது. திடலில் பத்தடிக்கு ஒரு மட்டை, ஒரு டின், ஒரு தேங்காய் மட்டை கிடக்கும். எடுத்துப் போட இறங்கினால் நின்றுவிடும். மறுபடி ஏறி, மறுபடி சாவி. ஒரு நாள் எரிச்சலில் பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை நீளமாக அறுத்து, சுவிட்சை அழுத்திக் கட்டிவிட்டேன். என்னோடு வேலை செய்கிற உங்கள் மாமா, அதுதான் முதுகில் மெஷின் சுமந்து ஓரப் புல் வெட்டுகிறவர், அதைப் பார்த்தார்.

"மச்சான், கம்பெனிக்காரன் வேல இல்லாமயா அத வச்சான்?"

"நமக்கு வேல இருக்குல்ல," என்றேன். பெரிய கெட்டிக்காரத்தனமாகச் சொன்னதாக நினைப்பு.

அந்த வருசம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல எல்லா வண்டியும் கோயில் முன்னால் நின்றன. லோரி, மோட்டார் சைக்கிள், மாமாவின் முதுகு மெஷின், கடைசியில் நம் சிவப்பு மெஷின். அதைக் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, முன்பக்கம் பெரிய செவ்வந்தி மாலை போட்டிருந்தேன். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். உனக்கு அப்போது நாலு வயது. பச்சைப் பாவாடை, புதுச் செருப்பு. உன்னை மடியில் வைத்துக்கொண்டு பழத்தின் மேல் ஏற்றினேன். நசுங்கின சத்தத்துக்கு நீ கைதட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு உன்னை இறக்கியிருக்க வேண்டும்.

"இன்னொரு ரவுண்டுப்பா," என்றாய். கோயிலை ஒட்டிய பள்ளித் திடலுக்குள் ஓட்டினேன். பாதி தூரம் போனதும், "கொக்கு வரலையேப்பா?" என்று கேட்டாய்.

வெட்டாமல் கொக்கு வராது. உனக்காகத்தான் கத்தியை இறக்கினேன்.

வந்தன. நீ பின்னால் எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினாய். ஐந்துக்கு மேல் உனக்கு எண்ணத் தெரியாது, அதனால் ஐந்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாய். அப்போதுதான் உன் இடது செருப்பு கழன்று பின்னால் விழுந்தது. நான் மெஷினை நிறுத்தினேன். ஓட்டத்தை மட்டும்தான். உன்னைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு இடது பக்கமாக இறங்கி, செருப்பை எடுக்க நடந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கத்தி சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கட்டிய டியூப் அதன் வேலையைச் செய்தது.

குனிந்து செருப்பை எடுத்தேன். நிமிர்ந்தால் காற்றில் மஞ்சள்.

முன்னால் தொங்கிய மாலை ஆட்டத்தில் நழுவி அடியில் போயிருந்தது. கத்தி அதை இழுத்து, வலது பக்கம் புல் துப்புகிற வாய் வழியாகப் பூவாகக் கொட்டியது. வெயிலில் அத்தனை இதழும் பறந்தன. கொக்குகள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின. உண்மையைச் சொல்கிறேன் மகளே, அழகாகத்தான் இருந்தது. ஒரு கணம் நானும் வாயைப் பிளந்து நின்றேன்.

நீ அந்தப் பூவைப் பிடிக்க வலது பக்கமாகச் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தாய். உன் கால் அந்த வாயைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் காதுக்கே கேட்கவில்லை. நான் பத்தடி தள்ளி இருந்தேன். திடல் ஓரம் சுண்டல் தின்றுகொண்டு வந்த மாமா அதைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு கையால் உன்னை அக்குளில் தூக்கி, மறு கையால் சாவியைத் திருப்பினார். உன் காலுக்கும் அந்த வாய்க்கும் நடுவில் ஒரு சாண்கூட இருந்திருக்காது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். என் பயத்தை உன் மேல் கொட்டினேன். "ஏன் செருப்ப கீழ போட்ட? ஒழுங்கா உக்கார தெரியாதா?" என்று கத்தினேன். நீ அழுதாய். மாமா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, சீட்டைத் தூக்கி டியூப்பைப் பார்த்தார்.

"மெஷினுக்கு மால போட்ட. அடுத்து யாருக்குடா போட இருந்த?"

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தச் செருப்பு இன்னும் என் கையில் இருந்தது. உங்கள் அம்மாவிடம், செருப்பு விழுந்தது, பிள்ளை அழுதது என்று மட்டும் சொன்னேன்; மாமாவையும் சொல்ல விடவில்லை. மறுநாள் விடியும்முன் போய் டியூப்பை அறுத்து எறிந்தேன். அன்றிலிருந்து கத்தியை நிறுத்தி, சாவியை எடுத்து, அடியில் சுற்றும் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் காலைத் தரையில் வைப்பேன். பின்னால் எடுக்கும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்காமல் எடுக்க மாட்டேன். மடியில் யாரையும் ஏற்றுவதில்லை. அழுதாலும் சரி, ஆயுத பூஜை என்றாலும் சரி. தம்பி, உன்னை ஏற்றாததும் அதனால்தான்.

இன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏழு வருசமா புள்ள தலையில பழிய வச்சிட்டு சும்மா இருந்திருக்கீங்களே," என்றாள். எழுதியதைக் காட்டப் போனேன். "எனக்கு வேணாம். அவகிட்ட மொதல்ல குடுங்க."

மகளே, செருப்பு விழுந்தது உன் தப்பு இல்லை. செருப்பு என்றால் விழத்தான் செய்யும். சுவிட்சைக் கட்டியது நான். கத்தியை ஓடவிட்டு இறங்கியது நான். கத்தினதும் நான்தான். அப்பாவை மன்னித்துவிடு.

நாளை சனிக்கிழமை, திடல் வெட்டும் நாள். மெஷினில் ஏற்ற மாட்டேன். ஆனால் அதைக் கிளப்பும் முன்னால் திடல் முழுக்க ஒரு தடவை நடந்து பார்ப்பேன். கல், கம்பி, மட்டை எல்லாம் பொறுக்க வேண்டும். ஒரு சின்னக் கல் கத்தியில் பட்டாலும் ஆளை அடிக்கிற வேகத்தில் பறக்கும். அந்த நடைக்கு நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். பந்தாட்டக் கோல் கம்பத்திலிருந்து எதிர்க் கோல் கம்பம்வரை மூன்று பேரும் வரிசையாக நடப்போம். பிறகு நீங்கள் பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கையை உயர்த்திக் காட்டு, மகளே. அதைப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவேன்.

கொக்குகள் வரும். வேலியிலிருந்து நன்றாகத் தெரியும். இப்போது உனக்கு ஐந்துக்கு மேலும் எண்ணத் தெரியுமே.