ஒரு படி உப்பு

பென்னாகரம் பக்கம் கிடா விருந்து என்றால் பாஞ்சாலியைத்தான் சமைக்கக் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது. முன்பல் ஒன்று கிடையாது. புருஷன் குத்தியதில் போனது. அதே வாரம் அவள் கரண்டியால் திருப்பிக் கொடுத்ததில் அவனும் ஊரை விட்டுப் போனான். பல் போனதற்கு மட்டும்தான் வருத்தம் என்பாள். பதினாறு வருடமாக நான் அவளுக்கு வெங்காயம் உரிக்கிறேன். கிலோ கணக்கு அவளுக்கு ஒத்துவராது. அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் ஒரே பித்தளைப் படிதான்.

போன சித்திரையில் முனிராஜ் வீட்டில் முனியப்பனுக்குப் படையல். முனிராஜுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். அவன் பெண்டாட்டி எழிலரசியின் கன்னத்தில் எப்போதும் ஒரு கன்றிய தடம் இருக்கும். குழம்பில் உப்பு கரித்ததாம், அதற்கு அடி. ஊருக்கே தெரியும். ஒருவரும் கேட்டதில்லை, நானும்தான்.

அந்த வகையறாவில் ஒரு வழக்கம். வேண்டிக்கொண்டவன் கையால்தான் குழம்பில் உப்பு விழவேண்டும். படையல் முடியும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. பாஞ்சாலி அப்போது களி கிண்டிக்கொண்டிருந்தாள். கை எடுத்தால் கட்டி தட்டிவிடும் என்பதால், திரும்பாமலே ஒரு படி உப்பு போடச் சொன்னாள். சாமான் சீட்டில் அவள் எழுதச் சொன்னது கல்லுப்பு. முனிராஜ் வாங்கி வந்தது தூளுப்புப் பொட்டலங்கள். வீட்டுக்கும் அவன் வாங்குவது அதுதான். படி நிறையக் கொட்டி, அப்படியே குழம்பில் கவிழ்த்தான்.

முதல் பந்தியில் அவன் மச்சான் வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு, இலையை வீசி எழுந்தான். முனிராஜ் பாஞ்சாலியை முடியைப் பிடித்து இழுத்துவந்து பந்தி நடுவில் தள்ளினான். எரிந்துகொண்டிருந்த விறகால் அடித்தான். தடுத்த இடது கை மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். இனி எந்த ஊரிலும் கரண்டி பிடிக்க முடியாதபடி செய்கிறேன் என்றான். அவள் சமையலில் உப்பு கரித்தது என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டால் அவள் பிழைப்பு அன்றோடு முடிந்தது.

பாஞ்சாலி எழுந்தாள். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த உப்புப் பொட்டலங்களை அப்போதுதான் எட்டிப் பார்த்தாள்.

"அடிக்கறதுன்னா அப்புறம் அடிங்க. மொதல்ல கல்லுப்பு ஒரு படி, இந்தத் தூளுப்பு ஒரு படி அளந்து தராசுல வையுங்க."

கறி வெட்ட வந்த நூர் பாஷா, கிடாத் தோலுக்குத் தடவக் கல்லுப்பு வைத்திருந்தார். ஒரு படி அளந்து, மேலே வழித்துத் தன் தராசில் வைத்தார். ஒன்றரைக் கிலோ. பிறகு அதே படியில் மிச்சமிருந்த தூளுப்பு. இரண்டு கிலோவைத் தாண்டி நின்றது. கல்லுப்புக்கு நடுவில் காற்று நிற்கும், தூளுப்பு இடுக்கில்லாமல் இறுகி உட்காரும் என்று நூர் பாஷா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவமானத்தில் முனிராஜ் மறுபடி விறகை ஓங்கினான்.

எழிலரசி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படியை எடுத்தாள்.

"பத்து வருசமா எங்கம்மா கல்லுப்புக்குச் சொன்ன அதே ஒரு கை கணக்குதான் போட்டேன். பொட்டலம் வாங்கியாந்தது நீ."

அவள் அவனை நீ என்று சொல்லிக் கேட்டது அன்றுதான். படியின் விளிம்பால் அவன் நெற்றியில் அடித்தாள். முட்டி போட்டவனை மறுபடி அடித்தாள். கன்னத்து எலும்பு உள்ளே போயிற்று. பத்து வருடம் அவளுக்கு விலக்கப் போகாத ஊர் அன்று அவனுக்கும் விலக்கப் போகவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

பாஞ்சாலியின் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. ஒற்றைக் கையால்தான் இப்போது கிண்டுகிறாள்; களிக்கு மட்டும், அவனை விட்டு எங்களோடு சமைக்க வந்துவிட்ட எழிலரசி மறுகை கொடுக்கிறாள். படியின் ஒரு பக்கம் நசுங்கி, முன்பு பிடித்த அளவு பிடிப்பதில்லை. தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று பாத்திரக் கடைக்காரர் கேட்டார். பாஞ்சாலி கொடுக்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு கை சேர்த்துப் போட்டுக்கொள்கிறாள்.