அம்பத்தூர் மூடி பூந்தமல்லிக்குப் போன வழி

காலை 7.10, ஆவடி ரயில் நிலையம். அம்பத்தூரையும் வானகரத்தையும் பூந்தமல்லியையும் சுற்றிப் பார்க்க யாரும் மூட்டை கட்டுவதில்லை. நான் போனேன். 1996, ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. கையில் ஒரு நோட்டுப் புத்தகம், சாப்பாட்டு டப்பா, நுங்கம்பாக்கம் வரைக்குமான சீசன் டிக்கெட்.

என் அலுவலகம் நுங்கம்பாக்கத்தில்தான். தொழிற்சாலைகளுக்குப் போய், எங்கே எப்படிக் கணினி போடலாம் என்று ஆலோசனை சொல்லும் சிறிய நிறுவனம். அங்கே நான்கு வருடமாக வேலை. தோல் பதனிடும் ஆலை, மருத்துவமனை, பிஸ்கெட் கம்பெனி என்று ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயும் எனக்கென்று நாற்காலி கிடையாது. கழிப்பறைக்குப் பக்கத்து மேசையைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஊழியர் கேட்கத் தயங்கும் கேள்வியை நான் கேட்கலாம். அது பிடித்துத்தான் இந்த வேலையில் இருந்தேன்.

நின்றுகொண்டே வந்தேன். திருமுல்லைவாயிலில் ஏறிய பூக்காரி தன் கூடையை என் காலடியில் வைத்துவிட்டு, "மிதிச்சிறாதம்மா" என்றாள். பட்டரவாக்கத்தில் இறங்கி, லெவல் கிராசிங்கைத் தாண்டி இருபது நிமிடம் நடந்தால் தொழிற்பேட்டை. இரும்புத்தூள் வாசனை வழிகாட்டும்.

8.00, அம்பத்தூர். தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி. பாகங்களை வார்த்துக் கடைவது இங்கே. இடம் போதாததால் கிடங்கு வானகரத்தில். பம்பைப் பூட்டி முடிப்பது பூந்தமல்லியில். ஏழெட்டு மாதமாக அவர்களுக்கு ஒரே தொல்லை. பூந்தமல்லிக்காரர்கள் கேட்பது ஒரு மூடி, வந்து சேர்வது வேறு மூடி. இரண்டு முறை வாடிக்கையாளருக்குப் பம்பு போய்ச் சேரத் தாமதமானது. வானகரம் கிடங்குப் பொறுப்பாளர் பிரகாசம்தான் குளறுபடிக்குக் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். மாதக் கடைசியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று இடத்தையும் கணினியால் இணைப்பதாகத் திட்டம். அதற்கான அறிக்கையை நான் எழுத வேண்டும். என் மேலாளர் ராகவன் ஒன்பது கணினி என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்.

பிரகாசத்தை நான் பார்த்ததுகூட இல்லை. ஒரு மனிதரின் வேலை போவதற்கு என் கையெழுத்து காரணமாகப் போகிறது என்றால், அவர் முகத்தையாவது பார்க்க வேண்டாமா? சரக்கு போகும் வழியிலேயே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அன்று பூந்தமல்லியிலிருந்து தொலைபேசி வந்தது. "சின்ன மூடி அறுபது" என்றார்கள். அம்பத்தூர் எழுத்தர் அப்படியே சீட்டில் எழுதினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தவறே இல்லை.

9.40, டெம்போ. ஓட்டுநர் துலுக்காணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமா, நீயா வர்ற? சீட்டு கிழிஞ்சி கீது, பாத்துக் குந்து."

"பரவாயில்லைங்க."

"ஆபீஸ்காரங்க யாரும் இதுல ஏறுனதே இல்ல. கம்ப்யூட்டர் வந்தா என் வண்டிய நிறுத்திருவீங்களா?"

"மூடி தானா நடந்து போகாதே அண்ணே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வியை எந்த ஆலையிலும் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. நாங்கள் போனாலே ஆள் குறைக்க வந்துவிட்டார்கள் என்று பேச்சு அடங்கிவிடும். இந்தத் தொழிலில் எனக்குப் பழகவே பழகாத விஷயம் அதுதான்.

அம்பத்தூரிலிருந்து வானகரம் ஏழு கிலோமீட்டர் இருக்கும். அயனம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஏரியில் கொஞ்சம் தண்ணீர், நிறைய எருமைகள். அதைத் தாண்டினால் மனை பிரித்துக் கல் நட்ட வயல்கள். துலுக்காணம் பேசிக்கொண்டே வந்தார்.

"பிரகாசத்த தூக்கப் போறாங்களாமே? பத்து வருசமா பாத்துக்கினு கீறேன். ஒரு போல்ட்டு அவரு ஊட்டுக்குப் போனதில்ல."

"அப்ப தப்பு எங்கே நடக்குது?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா வண்டி ஓட்டிக்கினு கீறேன்?"

10.25, வானகரம். தகரக் கொட்டகைக் கிடங்கு. பிரகாசத்துக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் ஜெபமாலை துருத்திக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"கேளுங்க மேடம். எல்லாரும் கேட்டாச்சு. சீட்டுல எழுதினதத்தான் ஏத்தி அனுப்புறேன். இதத் தவிர சொல்றதுக்கு எங்கிட்ட எதுவும் இல்ல."

"நான் கேள்வி கேட்க வரலைங்க. நீங்க ஏத்துறதப் பாக்க வந்தேன்."

அவர் சீட்டைப் படித்தார். 'சின்ன மூடி' என்று எழுதிய தட்டுக்குப் போனார். கோணிப்பையில் அறுபதை எண்ணிப் போட்டார். அதே பெயர் எழுதிய அட்டையைக் கட்டினார். இங்கேயும் தவறே இல்லை. கிளம்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், என் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னு தெரியல."

டெம்போவில் ஏறி உட்கார்ந்தேன்.

11.45, பூந்தமல்லி. வானகரத்திலிருந்து நெடுஞ்சாலையில் எட்டு கிலோமீட்டர். லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். பம்பு பூட்டும் பிரிவில் எல்லோரும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி சரோஜா. கோணியைப் பிரித்துப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே போட்டாள்.

"மறுபடியும் குட்டி மூடி! நாங்க கேட்டது சின்ன மூடிங்க."

குட்டி வேறு, சின்ன வேறு என்பதுபோல் அது என் காதில் விழுந்தது. "இதுக்குப் பேர் என்ன?" என்று கோணியிலிருந்து அவள் எடுத்திருந்த மூடியைக் காட்டினேன்.

"குட்டி மூடி. புதுசா வந்துச்சே, அது."

"சின்ன மூடி எது?"

பழைய பம்பு ஒன்றிலிருந்து கழற்றிக் காட்டினாள். அது இதைவிட ஒரு விரல் அகலம் கூட.

உடனே அலுவலக அறைக்குப் போய் அம்பத்தூருக்குத் தொலைபேசியில் பேசினேன். "உங்ககிட்ட குட்டி மூடி இருக்கா?"

"அப்படி ஒண்ணு கிடையாதே மேடம். பெருசு, நடு, சின்னது. மூணுதான்" என்றார் எழுத்தர்.

அவ்வளவுதான் விஷயம். முன்பு இரண்டு மூடிகள்தான் இருந்தன, பெரியது, சின்னது. போன வருடக் கடைசியில் இன்னும் சிறியதாக ஒன்று வந்தது. அம்பத்தூரிலும் வானகரத்திலும் புதியதைச் சின்ன மூடி என்றும் பழைய சின்னதை நடு மூடி என்றும் மாற்றிக்கொண்டார்கள். பூந்தமல்லிப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் பழைய பெயரை வைத்துக்கொண்டு, புதியதற்குக் குட்டி என்று தாங்களே பெயர் சூட்டினார்கள். சண்டை வரும்போதெல்லாம் ஒரு பக்கம் "சின்ன மூடிதான் கேட்டோம்" என்றது, மறுபக்கம் "சின்ன மூடிதான் அனுப்பினோம்" என்றது. இரண்டும் உண்மை. அதனால் பழி நடுவில் இருந்தவர் தலையில் விழுந்தது.

"இத நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?" என்று சரோஜாவைக் கேட்டேன்.

"எங்களை யாருங்க கேட்டா? நீங்கதான் முதல்ல பேரைக் கேக்குறீங்க."

1.30, பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். கம்பெனித் தொலைபேசியில் பேச விரும்பவில்லை. ராகவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி பிலோமினா, பிரமாதம். அதையும் ஒரு பாராவா போடு. ஒன்பது கம்ப்யூட்டர் அப்படியே இருக்கட்டும்."

"சார், இப்ப கம்ப்யூட்டர் போட்டா தப்பான மூடி இன்னும் வேகமாத்தான் போகும்."

"நாம என்ன, பேர் வைக்கிற கம்பெனியா நடத்துறோம்?"

பூத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த அறிக்கையை நான் எழுதினா, கம்ப்யூட்டர் இப்ப வேண்டாம்னுதான் எழுதுவேன் சார்."

"அப்ப உன் பேர்ல எழுது. என் கையெழுத்து இருக்காது. நாளைக்கு ஏதாவது ஆனா நீதான் பதில் சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

பயமாக இருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்தேன். அது இறங்குவதற்குள் பயமும் இறங்கிவிட்டது. இரண்டு மூடிகளையும் தொட்டுப் பார்த்தவள் நான். எனக்குச் சந்தேகம் இல்லை.

3.00, முதலாளியின் அறை. சுந்தரேசன் அன்று பூந்தமல்லியில்தான் இருந்தார். இரண்டு மூடிகளையும் அவர் மேசைமேல் வைத்தேன். சரோஜாவையும் கூடவே அழைத்துப் போயிருந்தேன். அவளையே சொல்லச் சொன்னேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பத்து வருஷமா இருக்கற மனுஷன் சொன்னதை நான் நம்பலையே" என்றார். உடனே வானகரத்தைத் தொலைபேசியில் அழைத்தார். "பிரகாசம், தப்பு உங்க மேல இல்ல. நாளைக்கு நானே வர்றேன்." மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, அவர் வெகு நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க இங்கேயே சேர்ந்துடுங்களேன். உங்களுக்குன்னு ஒரு ரூம் தர்றேன்."

ஆசைதான். ஒரே இடம், தெரிந்த முகங்கள், நான் தொடங்கியது நடக்கிறதா என்று தினமும் பார்க்கலாம். என் வேலையில் அது கிடைப்பதில்லை. மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, நோயாளி பிழைத்தாரா என்று பார்க்காமல் அடுத்த ஊருக்குப் போகும் வைத்தியம் இது. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். நான் இங்கே எட்டு மாதம் உட்கார்ந்திருந்தால், நானும் ஒரு பக்கத்தின் பெயரைத்தான் பேசியிருப்பேன். வெளியாள் என்பதால்தான் பெயரைக் கேட்டேன்.

"வேண்டாம் சார். ஆனா சரோஜாவை மாசம் ஒருதரம் அம்பத்தூருக்கு அனுப்பி வைங்க" என்றேன். சரோஜா என்னைத் திடுக்கிட்டுப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

4.40, ஆவடிப் பேருந்து. பூந்தமல்லியிலிருந்து பத்து கிலோமீட்டர், மூன்று ரூபாய். கரையான்சாவடி தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. பருத்திப்பட்டு ஏரிக்கு மேலே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்தது பாதுகாப்புத் துறைக் குடியிருப்பில். அங்கே தெருவே ஒரே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும். யாருக்கு எந்தப் பிரிவு, எந்த மெஷின் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் வேலை என்னவென்று அங்கே யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு முதல்முறையாக எனக்குச் சொல்லத் தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் முகம் கழுவிக்கொண்டு அறிக்கையைத் தொடங்கினேன். முதல் வரியை இப்படி எழுதினேன்: 'இந்தக் கம்பெனிக்கு இப்போது தேவை ஒரு பலகை, அதில் மூன்று மூடிகளின் படம், ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர்.' மீதியை எழுதுவதற்கு முன்பே, பக்கத்தின் அடியில் என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.